போர்டைக் கழற்றிய பிறகு: குடை சரிசெய்யும் ஒரு பையனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் மழை தொடங்கிவிட்டால் குடை இல்லாமல் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வராது. ஜூனில் பள்ளி திறப்பதும் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் இங்கே சேர்ந்தேதான் நடக்கும், அது ஓய்ந்து கொஞ்சம் வெயில் பார்ப்பதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும், ஆக வருஷத்தில் பாதி நாள் எங்கள் நடுநிலைப் பள்ளி வராந்தாவின் மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நிறைய ஈரக் குடைகள் இருக்கும். நான் சொல்லப்போகும் விஷயம் அந்த டிரம்மைச் சுற்றித்தான் நடந்தது.

நான் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். ஒரு பையன் யாரும் சொல்லாமல் தானாகச் செய்துகொண்டிருந்த ஒரு நல்ல காரியத்தை நாங்கள் பாராட்டிப் பாராட்டியே நிறுத்திவிட்டோம். அவனிடமே கேட்ட பிறகுதான் அதைத் திருத்த முடிந்தது. பிள்ளைகளிடம் "நீ நீயாகவே இரு, நாலு பேருக்கு நல்லது செய்" என்று மனதாரச் சொல்கிற ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையப் பேர் இருக்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம் என்பது இந்த ஒரு நிகழ்வில் எனக்குத் தெளிவாகத் தெரிந்ததால் விவரமாக எழுதி வைக்கிறேன். பையன் பெயரும் பள்ளியின் பெயரும் இதில் இல்லை. எழுதுவதற்கு முன் அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டேன். போட்டோ மட்டும் கூடாது என்று சொன்னான்.

அவன்

ஏழாம் வகுப்பு. அப்பா ரப்பர் பால்வெட்டு, விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறார். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வெட்டவில்லை என்றால் கூலி கிடையாது, அதனால் மழைக்காலம் என்பது அந்த வீட்டில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் காலம். மழைக்கு முன்னாலேயே ரப்பர் மரங்களுக்கு ரெயின் கார்டு கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள்: வெட்டுப் பட்டைக்கு மேலே மரத்தைச் சுற்றித் தார் மாதிரி ஒரு பசையைத் தேய்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போல ஒட்டிவிடுவார்கள், மரத்தில் வழியும் மழைத்தண்ணீர் பாலோடு சேர்ந்து சிரட்டைக்குள் இறங்காது. லீவு நாட்களில் அப்பாவோடு போய் அந்த வேலையைச் செய்து பழகியவன் இவன். அவனுடைய கைத்திறமை அங்கிருந்து வந்தது.

வகுப்பில் அவன் மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். எனக்கு முன்பு அவனுக்குப் பாடம் எடுத்த ஒருவர் அவனைப் பற்றி "மந்தம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் "பாவம், சாதுப் பையன்" என்று ஒரு மூலையில் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

போன ஜூலையில் ஒரு நாள் காலை சீக்கிரம் போயிருந்தேன். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் சின்னப் பிள்ளைகள் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடும், அன்றைக்கும் நனைந்துகொண்டு வந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இவன் டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பழைய பிஸ்கட் டின். கையில் பூனைப் படம் போட்ட ரோஸ் குடை, எட்டுக் கம்பியில் ஒன்று மடங்குகிற இடத்தில் ஒடிந்து தொங்கியது. டின்னிலிருந்து சைக்கிள் ஸ்போக் துண்டு ஒன்றை எடுத்து ஒடிந்த இடத்துக்கு அணைகொடுத்து, எரிந்துபோன ஃபேன் காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பியால் ஏழெட்டுச் சுற்று சுற்றினான், கை ஒடிந்தவனுக்கு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவாரே அதே மாதிரி, கடைசி முனையைப் பல்லால் கடித்து முறுக்கினான். கம்பி நுனியிலிருந்து பிரிந்திருந்த துணியை நைலான் நூலால் தைத்தான். துணியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதற்கு ரெயின் கார்டு பசையை விரல் நுனியில் தொட்டு வைத்து, நகம் அளவு பிளாஸ்டிக் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக இருபது வரை எண்ணினான். பிறகு குடையை விரித்து வானத்துப் பக்கமாகத் திருப்பி எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மடக்கித் திரும்ப டிரம்முக்குள்ளேயே போட்டான்.

"யாருக்க குடைலே?" என்று கேட்டேன்.

"தெரியாது டீச்சர்."

அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து இதைச் செய்துவருகிறானாம். ஒடிந்த குடையோடு வந்த பிள்ளை சாயங்காலம் எடுக்கும்போது குடை சரியாக இருக்கும். அவ்வளவுதான் அவன் ஏற்பாடு.

நாங்கள் செய்தது

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தலைமை ஆசிரியரிடம் சொன்னேன், எல்லா ஆசிரியர்களும் வந்து பார்த்தார்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. "குடை மருத்துவமனை" என்று நானே ஒரு போர்டு எழுதி வராந்தாவில் மாட்டினேன். ஒரு ரிஜிஸ்டர் போட்டோம்: தேதி, மாணவர் பெயர், வகுப்பு, ஒப்படைத்த நாள், கையெழுத்து. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டோம். சுதந்திர தின விழாவில் கேடயம் கொடுப்பது என்று முடிவானது. அவன் பேசுவதற்குப் பத்து வரியில் ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். "சமுதாயத்துக்குத் தொண்டு செய்வதே என் லட்சியம்" என்று தொடங்கியது அது. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் ஒரு நாளும் வந்ததில்லை என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் வாரம் முன்பைவிட அதிகமாகவே செய்தான். இரண்டாவது வாரம் பிள்ளைகள் வீட்டுக் குடைகளையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள், ஆசிரியர்கள் இரண்டு பேர் தங்கள் குடையைக் கொடுத்தார்கள், "குடுத்து ரெண்டு நாளாச்சு, எப்பம் தருவே?" என்று நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் இவனிடம் சண்டைக்கு நின்றான். பெரிய பையன்கள் "டாக்டரே, டாக்டரே" என்று கூப்பிட்டார்கள். விழாவுக்கு முந்தின நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. விழாவுக்கும் வரவில்லை. கேடயம் மேஜையிலேயே இருந்தது. அடுத்த வேலை நாளில் வந்தான், பிஸ்கட் டின் இல்லாமல். ரிஜிஸ்டரில் ஆறு குடைகள் பாக்கி. தொடவே இல்லை. அப்புறம் கிட்டத்தட்ட ஒரு மாதம் டிரம் பக்கமே அவன் போகவில்லை.

என்ன காரணம் என்று தேடியது

முதலில் மேடைப் பயம் என்றுதான் நினைத்தோம். அது மட்டும் என்றால் விழா முடிந்ததும் டின் திரும்பி வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதம், வீட்டில் கஷ்டம் என்று இன்னொரு ஆசிரியர் சொன்னார். ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே ஆகஸ்டில், இதே கஷ்டத்தில், அவன் குடை சரியாக்கிக்கொண்டுதான் இருந்தான்.

அம்மாவைப் பார்க்கப் போனேன். அண்டி ஆபீஸ் விட்டு வந்து, கையில் முந்திரிப் பால் பட்ட கறையோடு மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி "உனக்க மோன் ஸ்கூலுக்குப் போறது படிக்கவா, கொடை சரியாக்கவா?" என்று கேட்டிருக்கிறார். "சிவன் சாரை மாதிரி வரணும்ன்னு நான் சொல்லுதேன் டீச்சர், இவன் கம்பிய சுத்திக்கிட்டு இருக்கான்" என்று அந்த அம்மா சொன்னபோது குரல் உடைந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது, படிப்புதான் இங்கே சொத்து. சரக்கல்விளையில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்து தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்த கே. சிவன் இஸ்ரோவின் தலைவரானார், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் இதே மாவட்டத்துக்காரர், அதைச் சொல்லிச் சொல்லி வளர்க்காத வீடு இங்கே குறைவு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நானும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெயர்களைப் பிள்ளையின் தலையில் குட்டுவதற்கு எடுக்கும்போது, கம்பியைச் சுற்றுகிற விரல்களிலும் ஒரு அறிவு இருக்கிறது என்பதை நாம் அந்தப் பிள்ளைக்கு மறைத்துவிடுகிறோம். அம்மாவிடம் இதை இப்படியே சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றார்.

பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்டிருந்த ஒரு பழைய சோதனை அந்த நாட்களில்தான் நினைவுக்கு வந்தது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் செய்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவது என்றால் தானாகவே ஓடிவருகிற பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதையே கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பம் போல விளையாடும் நேரத்தில் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த சான்றிதழ் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. பாராட்டே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளை தனக்காகச் செய்துகொண்டிருந்ததை இன்னொருவர் கொடுக்கப்போகும் ஒன்றுக்காகச் செய்வதாக மாற்றிவிட்டால் பிடிப்பு போய்விடுகிறது. நாங்கள் கேடயத்தை ஒரு மாதம் முன்பே அறிவித்திருந்தோம்.

டிரம்மிடம் நடந்த பேச்சு

செப்டம்பரில் ஒரு சாயங்காலம், மழை விடாமல் பெய்ததால் கொஞ்சம் பேர் வராந்தாவில் காத்திருந்தோம். பாக்கி ஆறு குடைகளை அந்தந்தப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டிரம்மிலிருந்து ஒன்றை இழுத்தேன். அது இன்னொரு குடையின் கம்பியில் சிக்கியிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்ததும் டக்கென்று ஒரு சத்தம்.

"அப்படி இழுக்காதீங்க டீச்சர், இங்கதான் எல்லாம் ஒடியுது."

ஒரு மாதத்தில் அவனாக என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நான் டிரம்மை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன், அவனும் ஓரமாக உட்கார்ந்தான். துண்டு துண்டாகத்தான் சொன்னான். காற்றில் திரும்பி ஒடிவது கொஞ்சம்தான். ஈரக் குடையைச் சின்னப் பிள்ளைகள் சரியாக மடக்காமல் டிரம்முக்குள் திணிக்கிறார்கள், சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கிறார்கள், ஒரு கம்பி இன்னொன்றில் கோத்துக்கொண்டு மடங்குகிற இடத்தில் ஒடிகிறது. "நான் நாலு சரியாக்கினா இதுல அஞ்சு ஒடியும்." இரண்டு வருஷமாக அவன் பார்த்துவந்தது இது. எங்கள் ரிஜிஸ்டரில் தேதிக்கும் பெயருக்கும் கையெழுத்துக்கும் கட்டம் இருந்தது, குடை எங்கே எப்படி ஒடிந்தது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஏன் நிறுத்தினாய் என்று நான் நேராகக் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "போர்டு வச்சதுக்குப் பெறவு எல்லாரும் எப்பம் தருவேன்னு கேக்குது டீச்சர். முன்ன யாரும் கேக்காது. எனக்குத் தோணுறத எடுப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேச்சு எனக்க பேச்சு இல்ல" என்றான்.

போர்டை அன்றைக்கே கழற்றினேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான்.

மரச்சட்டம்

டிரம்முக்குப் பதில் என்ன செய்யலாம் என்றதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது: சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும், ஆளுக்கு ஒரு இடம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். மறுநாள் இடைவேளையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரோடு நிற்கவைத்துக் கை எட்டும் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டான், ஆகக் குறைந்த கோட்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தான். இரண்டு குடைக்கு நடுவே எவ்வளவு இடம் என்பதற்கு மழை ஒழுகும் குடை ஒன்றை மாட்டி, தண்ணீர் எவ்வளவு தூரம் தெறிக்கிறது என்று பார்த்து, ஒரு சாணும் நாலு விரலும் என்றான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்தோம். அவன் பேசமாட்டேன் என்றான். சரி என்று விட்டோம். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், மைக்கைப் பார்த்தாலே முகம் மலர்கிறவள், அவளுக்கு மேடைதான் அவளுடைய இடம், அவள் முழு ஆசையோடு எழுந்து டிரம்மில் குடை எப்படி ஒடிகிறது என்று இரண்டு குடைகளை வைத்து எல்லோருக்கும் இழுத்துக் காட்டினாள். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அனுபவத்திலிருந்து "பிள்ளைகளை மேடையில் ஏற்றாதே" என்று ஒரு விதி செய்தால் அதுவும் தப்பு. அவளை ஒளித்து வைத்தாலும் அது அவளை அவளாக இருக்க விடாததுதான்.

ஆணி அடிக்கலாம் என்றபோது குழுவில் இருந்த ஒரு அம்மா எழுந்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்டுகிற உயரம் என்றால் பெரிய பிள்ளைகளுக்கு அது முகத்துக்கு நேரே வரும், ஓடும்போது கண்ணில் குத்தும் என்றார். நியாயமான பேச்சு. பின்னாலிருந்து இவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான், அது வாய் மாறி முன்னால் வந்தது: இரும்பு வேண்டாம், உருண்டையான மரக் குச்சி, கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்த்து. தச்சு வேலை செய்யும் ஒரு அப்பா, மிச்சம் கிடந்த ரப்பர் மரச் சட்டத்தில் துளையிட்டு முனை மழுக்கிய குச்சிகளைச் செருகிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, காலை எட்டு மணிக்கு அவர் மகளும் நனைந்துகொண்டு வருகிறவள்தான்.

பிள்ளைகள் பயமில்லாமல் தங்கள் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் தன் எண்ணத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது உறுப்பு சொல்கிறது, 1992-லிருந்து இந்தியா அதில் இருக்கிறது. பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதிப் போடுவதற்கு எங்கள் வராந்தாவில் 'மாணவர் மனசு' பெட்டியும் தொங்குகிறது. அவன் அதில் ஒரு சீட்டும் போட்டதில்லை. பெட்டி தேவைதான், வேறு சில பிள்ளைகளுக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் எழுதுவதே சங்கடமான பிள்ளையிடம், அவன் கை வேலை செய்கிற இடத்தில், பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் கருத்து வெளியே வரும்.

பிறகு

ஐப்பசி மழைக்கு முன்பே மரச்சட்டம் சுவரில் ஏறிவிட்டது. டிரம் இப்போது தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கிறது. முன்பு வாரத்துக்கு ஏழெட்டுக் குடை ஒடியும், இந்த மழையில் ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டைப் பிள்ளைகள் கடைசி இரண்டு குச்சிகளில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. பிஸ்கட் டின் அக்டோபரில் திரும்பி வந்தது, மாடிப்படிக்குக் கீழே. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு சின்னக் குறடு கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். கேடயத்தைக் கடைசியில் விழா இல்லாமல் வீட்டுக்குப் போய்க் கொடுத்தோம். அவன் அம்மா அதை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கில் அவன் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான், அதற்குத் தனியாக உழைக்கிறோம். ஒரு நாள் கோணங்கள் நடத்தும்போது குடையை விரித்து வைத்து, எட்டுக் கம்பி, மொத்தம் 360 பாகை, அப்படியானால் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு என்று கேட்டேன். அவன் கை தூக்கவில்லை, ஆனால் நோட்டில் 45 என்று எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன். பத்துக் கம்பிக் குடையும் உண்டு டீச்சர், அதுக்கு 36 என்று மணி அடித்த பிறகு வந்து சொன்னான்.

அம்மா யோசிக்கிறேன் என்று சொன்னவர், டிசம்பரில் பள்ளிக்கு வந்தபோது ஒரு கவரில் தன் குடையைக் கொண்டுவந்தார். அதைக் கடைசிக் குச்சியில் மாட்டிவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் சிரித்துவிட்டுப் போனார்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவன் வேறு பள்ளிக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு யார் என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது, ஒரு குழு போடலாமா என்ற பேச்சு வந்தது, வேண்டாம் என்று நான் மட்டும் அல்ல, எல்லோருமே சொன்னோம். சில வாரமாக நாலாம் வகுப்பில் ஒரு பெண் இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே போய் அவன் பக்கத்தில் உட்காருகிறாள். நேற்று என்னிடம் வந்து, வீட்டில் எரிந்துபோன ஃபேன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். குலசேகரத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கடையில் ஒரு காயில் சொல்லி வைத்திருக்கிறேன்.